புதுப்பிப்பு: மகளோடு சேர்ந்து ஆட எந்த வீடியோ கேம்?

ஏழு வயது மகளோடு ஒரே திரையில் ஆட என்ன கேம் இருக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பெயர் சொன்ன எல்லாருக்கும் நன்றி, ஆடிப் பார்த்ததில் எங்களுக்கு ஒத்துவந்ததைச் சொல்கிறேன்.

முதலிடம் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டருக்கு (2023). அதில் யோஷி என்ற குட்டி டைனோசர் பாத்திரத்தை எடுத்தால் எதிரி மோதினாலும் அடி படாது, பள்ளம், எரிமலைக் குழம்பு மாதிரி எதிலாவது விழுந்தால்தான் போச்சு, அதனால் சின்னப் பிள்ளை பாதியில் அழுதுவிட்டு எழுந்து போகிற கதையே இல்லை. போதாததற்கு யோஷியின் முதுகில் மற்றவர் ஏறிக்கொள்ளலாம். அப்பாவைச் சுமக்கிறாளாம், அந்தப் பெருமை தாங்க முடியவில்லை.

அன்டைட்டில்டு கூஸ் கேமும் அருமை. 2020-இல் இலவசமாக இருவர் ஆட்டம் சேர்த்தார்கள், இரண்டு வாத்துகளாக ஊரையே படுத்தி எடுக்கலாம்.

இட் டேக்ஸ் டூவைத்தான் பலர் சொன்னீர்கள். 2021-இல் தி கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கியது, கட்டாயம் இருவர் ஆட வேண்டியது, எல்லாம் சரி. ஆனால் கதையே விவாகரத்துக்குத் தயாராகும் அம்மா அப்பா பற்றியது, நடுவில் ஒரு பொம்மை யானைக்கு நடப்பதைப் பார்த்து எனக்கே வயிற்றைப் பிசைந்தது. அதை மனைவியோடு ஆடி முடித்தேன், மகளுக்கு இன்னும் சில வருடம் போகட்டும்.

சேர்ந்து சமைக்கிற கேமான ஓவர்குக்ட் எங்களுக்குள் சண்டையில்தான் முடிகிறது. ஆனால் அதன் ஆல் யூ கேன் ஈட் பதிப்பில் நேரத்தைக் கூட்டித் தரும் உதவி முறை இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் கொஞ்சம் தேவலை.