புதுப்பிப்பு: மகளின் மேல்தாடை எக்ஸ்பாண்டர், 3 வாரம் கழித்து

9 வயது மகளுக்கு மேல்தாடை குறுகல், கடிக்கும்போது மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே இறங்குகின்றன, எக்ஸ்பாண்டர் (அண்ணத்தில் பொருத்தி மேல்தாடையை மெல்ல அகலப்படுத்தும் கருவி) போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போட்டாயிற்று.

தினம் ராத்திரி சின்னச் சாவியை அதன் நடுவிலுள்ள திருகின் துளையில் நுழைத்து முன்னிருந்து பின்னாகத் தள்ளுகிறேன். ஒரு தள்ளலுக்குக் கால் மில்லிமீட்டர். முதல் நாள் என் கைதான் நடுங்கியது. அவள் "மூக்குகிட்ட கூசுதுப்பா" என்றதோடு சரி. பத்தாம் நாள் முன்பற்கள் நடுவே இடைவெளி. பதறிப்போனேன். அண்ணத்தின் நடு இணைப்பு விலகுவதன் அடையாளம்தானாம்.

தண்ணீரைப் பீய்ச்சச் சொன்னவருக்கு நன்றி: கம்பிக்கு மேலே ஒட்டியிருந்த சோற்றுப்பருக்கை அதில்தான் வந்தது. முறுக்கு தின்னத் தடை. அப்புறம், திருகுவது முடிந்தாலும் எலும்பு நிரம்பும்வரை சில மாதம் இது வாயிலேயே இருக்கும்.