துகேலா ஃபெர்ரியில் கண்டுபிடித்தது யார்?

ஃபீனிக்ஸ்வாசி: நம் தென்னாப்பிரிக்காவின் தொற்றுநோய்க் கண்காணிப்பு வெறும் ஓட்டைப் பானை என்று ஓர் அன்பர் நேற்று எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 2021 நவம்பரில் கொரோனாவின் ஒமைக்ரான் வகையை உலகுக்குச் சொன்னது யார்? நாமும் போட்ஸ்வானாவும். சொன்னதற்குக் கிடைத்த கூலி, நம் விமானங்களுக்குத் தடை. 2006-இல் உலகமே அதிர்ந்த, குவாசுலு-நட்டால் மாகாணத்தின் துகேலா ஃபெர்ரி ஊர்க் காசநோயைக் கண்டுபிடித்ததும் நாம்தான். ஆய்வகங்களுக்கு இன்னும் பணம் கொடுங்கள், மற்றது தானாக நடக்கும்.

சாட்ஸ்வர்த் செவிலி: துகேலா ஃபெர்ரியைப் பெருமைப் பட்டியலில் சேர்க்காதீர்கள் தம்பி. முக்கிய மருந்துகள் எதற்கும் அசையாத காசநோய் அங்கே 53 பேருக்கு இருந்தது. 52 பேர் இறந்தார்கள். சளி எடுத்த நாளிலிருந்து பதினாறு நாள்! சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையின் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். முடிவு வருவதற்குள் ஆளே போய்விட்டால் அது என்ன கண்காணிப்பு?

ஃபீனிக்ஸ்வாசி: பதினாறு என்பது இடைநிலை மதிப்பு அக்கா. பாதிப்பேர் அதற்கு மேலும் உயிரோடு இருந்தார்கள். எல்லோரும் பதினாறாம் நாள் இறந்ததுபோல எழுதுவது நியாயமா? எச்.ஐ.வி. சோதனை செய்யப்பட்ட 44 பேருக்கும் அந்தத் தொற்று இருந்தது. அதையும் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் செவிலி: சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவரைக் காசநோய் சீக்கிரம் கொல்லும், அதனால்தான் செய்தி அதைவிடச் சீக்கிரம் வர வேண்டும். அன்றைய நடைமுறை என்ன? முதல்முறை வருபவரின் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், அவ்வளவுதான். மருந்து பலிக்காதவருக்கும் திரும்ப நோய் வந்தவருக்கும்தான் வளர்ப்புச் சோதனை. முந்தைய விவரம் தெரிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதுவரை காசநோய்க்கு மருந்தே சாப்பிடாதவர்கள். நடைமுறையை நம்பியிருந்தால் அவர்கள் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள். எச்.ஐ.வி. மருந்து நன்றாக வேலை செய்தும் ஏன் சாகிறார்கள் என்று அங்கிருந்த மருத்துவர்கள் சந்தேகப்பட்டுச் சளியை அனுப்பினார்கள். கண்டுபிடித்தது அந்தச் சந்தேகம்.

ஃபீனிக்ஸ்வாசி: அனுப்பியது எங்கே? ஆய்வகத்துக்கு! என் வாதத்தை நீங்களே நிரூபிக்கிறீர்கள். 2011 முதல் சளியிலேயே காசநோயைக் கண்டறியும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியும் வந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் முடிவு. உங்கள் பதினாறு நாள் பழங்கதை.

மெரேபேங்க் ஆசிரியர்: காசநோய் என்றதும் எனக்கு டர்பன் நியூலேண்ட்ஸின் ஃபோசா குடியிருப்புதான் நினைவுக்கு வருகிறது. இந்தியக் காசநோயாளிகளுக்கென்றே எழுந்த இடம் அது. ஃபீனிக்ஸ்காரர்களுக்கு இந்த வரலாறு தெரியாது. காவடிக்குப் பந்தல் போடுவதோடு அவர்கள் தொண்டு முடிந்தது.

ஃபீனிக்ஸ்வாசி: ஐயா, பந்தலை ஏன் இழுக்கிறீர்கள்? போன தைப்பூசத்தின் வரவுசெலவை உங்கள் குழு இன்னும் வெளியிடவில்லை. முதலில் அதைக் காட்டுங்கள்.

மெரேபேங்க் ஆசிரியர்: நன்கொடை என்று ஒரு ராண்டுகூடத் தராதவருக்குக் கணக்கு எதற்கு?

சாட்ஸ்வர்த் செவிலி: பந்தலைப் பிறகு பிரியுங்கள். தம்பி, 2011-இல் வந்த அந்தக் கருவிச் சோதனை, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா என்பதை மட்டும் காட்டியது. துகேலா ஃபெர்ரிக் கிருமி இரண்டாம் கட்ட மருந்துகளான சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் கானமைசினுக்கும்கூட மசியவில்லை, அது அந்தச் சோதனையில் தெரிந்திருக்காது. இரண்டு மணி நேரம் என்பதும் சளி கருவிக்குள் போன பிறகுதான். வெள்ளிக்கிழமை மதியம் வண்டி வராவிட்டால் புட்டி திங்கள்வரை கிளினிக்கிலேயே கிடக்கும். பெயர்ச்சீட்டு நனைந்து மை பரவியிருந்தால் ஆய்வகம் திருப்பி அனுப்பும். முடிவு வந்த பிறகு பார்த்தால் தொலைபேசி எண் மாறியிருக்கும். பதிவேட்டில் முகவரி, "பள்ளிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே" என்று இருக்கும். அந்த வீட்டைத் தேடிப் போக ஆள் வேண்டும், வண்டி வேண்டும், வண்டிக்கு எரிபொருள் வேண்டும். அங்கே எத்தனை குழந்தைகள் இருமுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். இதற்கெல்லாம் உங்கள் பட்டியலில் பணம் எங்கே?

மாரிட்ஸ்பர்க் தணிகை: அக்கா சொல்வது சரி. டர்பனில் உட்கார்ந்து பேசுபவர்கள் ஒருமுறை துகேலா ஃபெர்ரி இருக்கும் ம்சிங்கா மலைச்சாலையில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஃபீனிக்ஸ்வாசி: நான் போயிருக்கிறேன். மாரிட்ஸ்பர்க்காரர் எனக்கு வழி சொல்ல வேண்டாம். கேள்வி ஒன்றுதான்: பதினாறு நாள் இடைநிலை மதிப்பா, இல்லையா? அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை.

சாட்ஸ்வர்த் செவிலி: இடைநிலை மதிப்புதான். 53 பேரில் 52 பேர் இறந்த இடத்தில் அந்த மதிப்பை வைத்துக்கொண்டு யாரைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

ஃபீனிக்ஸ்வாசி: அப்படியானால் "எல்லோரும் பதினாறு நாளில்" என்று எழுதியதை மாற்றுங்கள்.

சாட்ஸ்வர்த் செவிலி: "எல்லோரும்" என்று நான் எழுதவே இல்லை, மேலே போய்ப் படியுங்கள். பதினாறு நாள் என்றேன். இன்னும் பத்து முறை கேட்டாலும் பதினாறு நாள் என்றுதான் எழுதுவேன்.

மெரேபேங்க் ஆசிரியர்: கணக்கு கேட்டவர் நாளைக் கூட்டத்துக்கு வரட்டும். அங்கே பேசிக்கொள்ளலாம்.