மாலைதீவு ருபியாவும் இலங்கை ரூபாவும்: 2011 இல் குறைந்த 4,600 ரூபா எங்கே போனது?

உருத்திரபுரத்தான்:
வணக்கம். இது எங்கள் வீட்டுக் கணக்கு. போரில் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாமிலிருந்து 2010 தொடக்கத்தில் ஊர் திரும்பினோம். அந்த ஆவணியில் அண்ணன் மாலேக்கு மேசன் வேலைக்குப் போனார். மாதம் 3,000 ருபியாவை அங்கிருந்த எங்கள் மாமாவிடம் கொடுப்பார். கிளிநொச்சியில் மாமி அதை ரூபாவாக அம்மாவின் கையில் தருவார். இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபா கூரையோடு முடிந்துவிட, மிச்ச வேலை அண்ணனின் காசில்தான் நடந்தது.

அம்மா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். 2011 தை மாதத்தில் 26,000. அதே 3,000 ருபியாவுக்கு வைகாசியில் 21,400 மட்டும். மாமா இடையில் எடுத்துவிட்டார் என்று அப்பா அன்றே பேச்சை நிறுத்தினார். பதின்மூன்று வருடத்துக்கு மேலாகிறது.

இப்போது வீட்டைப் பங்கு எழுதப் பார்க்கிறோம். அண்ணன் எக்செல்லில் போட்ட கணக்கில் ஒவ்வொரு மாதமும் 57,000 வருகிறது. கொப்பியோடு ஒன்றுமே பொருந்தவில்லை. எது பிழை?

வவுனியாக் கணக்கர்:
57,000 எப்படி வந்தது? எந்த வீதத்தால் பெருக்கினார்?

உருத்திரபுரத்தான்:
ஒரு ருபியாவுக்கு 19 ரூபா. 2024 முடிவில் இருந்த வீதம் என்றார். ஒரே கட்டத்தில் போட்டு, எல்லா வரிசைக்கும் அதையே இழுத்திருக்கிறார்.

வவுனியாக் கணக்கர்:
முதல் பிழை அதுதான். 2022 பங்குனியில் நம் ரூபா விழுந்தது நினைவிருக்கும். டொலர் 200 சொச்சத்திலிருந்து இரண்டே மாதத்தில் 360 வரை ஏறியது. அந்த வீழ்ச்சிக்குப் பிந்திய வீதத்தை 2011 இல் கொடுத்த காசுக்குப் போட்டால் அண்ணன் ஒரு மாடி வீடே கட்டியதாகக் கணக்கு வரும். ஒவ்வொரு மாதத்துக்கும் தனி வீதம் வேண்டும்.

இரண்டு நாணயத்துக்கும் நடுவில் டொலரை நிறுத்திக் கணக்குப் பார்ப்பதுதான் எளிது. இலங்கை மத்திய வங்கியின் பழைய டொலர் வீதத்தை எடுங்கள். அதை மாலைதீவு நாணய அதிகாரசபையின் டொலர் வீதத்தால் வகுங்கள்.

இனி உங்கள் 2011. மாலைதீவு 2001 ஆடி மாதத்திலிருந்து ஒரு டொலருக்கு 12.80 ருபியா என்று கட்டி வைத்திருந்தது. 2011 சித்திரையில் அந்தக் கட்டை அவிழ்த்து, 12.85 ஐ நடுவாக வைத்து நூற்றுக்கு 20 மேலும் கீழும் போகலாம் என்றது. அதாவது 10.28 முதல் 15.42 வரை. ருபியா நேரே 15.42 என்ற விளிம்புக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

தை மாதம் டொலர் ஏறத்தாழ 111 ரூபா. 12.80 ஆல் வகுத்தால் 8.67. மூவாயிரத்துக்கு 26,000. வைகாசியில் 110. 15.42 ஆல் வகுத்தால் 7.13. மூவாயிரத்துக்கு 21,400.

மாமா ஒரு சதமும் எடுக்கவில்லை.

மல்லாவி ஆசிரியை:
கொப்பியில் இன்னொன்றையும் பாருங்கள். ருபியாவையும் ரூபாவையும் உங்கள் அம்மா 'ரூ.' என்றே எழுதியிருப்பார். என் கணவரின் கொப்பியில் அந்தக் குழப்பத்தால் ஒரு பக்கம் முழுவதையும் இரண்டாம் முறை பெருக்கிவிட்டேன்.

உருத்திரபுரத்தான்:
ஆம் ரீச்சர், அப்படியேதான் எழுதியிருக்கிறார். மூன்று இடத்தில் தடுமாறினேன். ஐயாயிரத்துக்குக் கீழே இருந்தால் ருபியா என்று வைத்துத் திருத்திவிட்டேன்.

முறிகண்டி மாசிக்கடை:
கணக்கர் ஐயா சொன்னதில் ஒரு குறை. அந்த 15.42 வங்கிப் பலகையில் எழுதியிருக்கும் வீதம். நானும் மாலேயில் ஆறு வருடம் இருந்தேன். சம்பளம் ருபியாவில் வரும். அதைக் கொண்டுபோய் டொலர் கேட்டால் வங்கியில் இல்லை என்பார்கள். வெளியில் வாங்கினால் 15.42 க்கு மேலேதான் கொடுக்க வேண்டும். உங்கள் மாமா அந்த ருபியாவை டொலராக்கித்தான் ஊருக்கு அனுப்பினார் என்றால், அந்தக் கூடுதலை அவரே தாங்கியிருக்கிறார். பலகை வீதத்துக்கே காசு தந்த மனிதரோடு பதின்மூன்று வருடம் பேசாமல் இருந்தீர்களா?

வவுனியாக் கணக்கர்:
சரிதான், அதை நான் விட்டுவிட்டேன். பங்குக் கணக்குக்கு அம்மாவின் கையில் வந்த தொகையையே எடுங்கள். வகுத்துப் பார்ப்பது சரிபார்க்க மட்டும். அந்தக் காசின் இன்றைய பெறுமதி என்ன என்று அண்ணன் கேட்பது நியாயம்தான். ஆனால் அதற்கு விலைவாசியைப் பார்க்க வேண்டும். ருபியா வீதத்தை இழுத்து வரக் கூடாது.

உருத்திரபுரத்தான்:
நேற்றிரவு வரிசை வரிசையாகத் திருத்திப் போட்டேன். நூறு, இருநூறு ரூபா வித்தியாசத்துக்குள் கொப்பியோடு ஒத்துவருகிறது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 12.80 ஐயும் 15.42 ஐயும் மூன்று தரம் கேட்டார். பிறகு, மாமா இப்போது பரந்தனில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றார். ஞாயிறு கூட்டிப்போகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். 2012 கார்த்திகைப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. அந்த மாதத்துக்கு என்ன போடுவது?

வவுனியாக் கணக்கர்:
அந்த வருடத் தொடக்கத்திலேயே நம் ரூபா இறங்கிவிட்டது. கார்த்திகையில் டொலர் ஏறத்தாழ 130. 15.42 ஆல் வகுத்தால் 8.43. மூவாயிரத்துக்கு 25,300 போடுங்கள். ஞாயிறு மாமியிடமும் கேட்டுப் பாருங்கள், கொடுத்தவரிடமும் ஒரு கொப்பி இருக்கும்.