சுமேரியப் பெருவெள்ளம் நடந்த நிகழ்ச்சியா?

நெய்தல் நிலவன்:
1872 டிசம்பரில், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் ஓர் அவையின் முன், இன்றைய வட ஈராக்கில் உள்ள பண்டைய நகரமான நினிவேயில் கிடைத்த களிமண் பலகை ஒன்றின் செய்தியை வெளியிட்டார். அந்நிலத்தின் பழங்காவியமான கில்கமேஷ் காவியத்தின் பதினோராம் பலகை அது. தெய்வத்தின் எச்சரிக்கை, பெரும்படகு, மலையில் தரைதட்டியது, நீர் வடிந்ததா என்று அறியப் பறவைகளை விட்டது என விவிலியத்து நோவா கதையின் முக்கியக் கூறுகள் அதில் உத்னபிஷ்டிம் என்பவனின் கதையாக இருந்தன. தென் ஈராக்கின் பண்டைய மொழியான சுமேரியத்தில் சியுசுத்ரா, அங்கே பின்னர் வழங்கிய அக்காடிய மொழியில் அத்ரகாசிஸ், எபிரேயத்தில் நோவா என்று பெயர் மாறினாலும் கதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மாறாமல் நிற்கிறதென்றால், அதன் அடியில் மெய்யான பேரழிவு ஒன்றின் நினைவு இருந்தே ஆக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நூறு மீட்டர் ஆழம்கூட இல்லாத பாரசீக வளைகுடா அன்று ஆறு பாய்ந்த சமவெளி. அங்கே வாழ்ந்தவர்களைக் கடல் வடக்கே தள்ளிக்கொண்டு வந்தது. அந்த நினைவே இக்கதை.

ஏடு நோக்கி:
வளைகுடா நிரம்பியது உண்மை. ஆனால் அது நிரம்பப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. ஒரு தலைமுறை குடிசையைச் சற்று உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டால் போதும், படகு எதற்கு? பலகையில் உள்ளதோ ஆறு பகலும் ஏழு இரவும் அடித்த புயலும் மழையும். அதற்குக் காரணம் தேடிக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. அந்த மண்ணிலேயே இருக்கிறது. தென் ஈராக்கில் யூப்ரடீஸும் டைகிரிஸும் தம் வண்டலாலேயே படுகையை உயர்த்திக்கொண்டு, சுற்றியுள்ள வயலைவிட மேலே ஓடும் ஆறுகள். அனத்தோலிய மலைகளின் பனி உருகி, ஏப்ரல், மே மாதங்களில், அதாவது வாற்கோதுமை அறுவடைக்கு நிற்கும் நேரத்தில், வெள்ளம் வரும். கரை ஓரிடத்தில் உடைந்தால் போதும், ஒதுங்க மேடே இல்லாத சமவெளி முழுவதும் நீர் பரவிவிடும். 1954-லும் டைகிரிஸ் பெருகி பாக்தாத்தை அச்சுறுத்தியது. இதற்கு நேர்மாறாக, நைலின் வெள்ளம் விதைப்புக்கு முன் வந்து வண்டலை விட்டுச் செல்லும். ஆகவேதான் மனிதரைத் தண்டிக்கும் எகிப்தியக் கதையில் வெள்ளம் இல்லை, சேக்மெத் என்ற சிங்கமுகத் தெய்வம் வருகிறாள். கதையின் தாய் எந்த ஆறு என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

நெய்தல் நிலவன்:
ஆண்டுதோறும் வரும் வெள்ளத்தை யாரும் உலக முடிவாகப் பாடமாட்டார்கள், நண்பரே. கரை உடைவதைப் பார்த்துப் பழகிய மக்கள் ‘அந்தப் பெருவெள்ளம்’ என்று ஒன்றை மட்டும் தனியே பிரித்துச் சொன்னார்கள். எந்த நகரில் யார் ஆண்டார் என்று வரிசையாகச் சொல்லும் சுமேரிய அரசர் பட்டியலைப் பாருங்கள்: ஐந்து நகரங்களில் அரசு இருந்தது, பின்பு வெள்ளம் அனைத்தையும் வாரிச் சென்றது, அதன்பின் அரசு மீண்டும் வானிலிருந்து கிஷ் நகருக்கு இறங்கியது. தங்கள் வரலாற்றையே இரண்டாக வகுத்த கோடு அது. தொல்லியலாளர் லியோனார்ட் வூலி 1929-ஐ ஒட்டி ஊர் என்னும் பண்டைய நகரில் பத்தடிக்கும் மேற்பட்ட தூய வண்டல் படிவைக் கண்டாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஏடு நோக்கி:
வூலியின் வண்டலைக் கொண்டே உங்களுக்கு மறுமொழி சொல்லலாம். அங்கிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் உள்ள எரிது நகரில் அப்படிப்பட்ட படிவு இல்லை. கிஷ், ஷுருப்பக் ஆகிய நகரங்களிலும் வெள்ளப் படிவுகள் உள்ளன; ஆனால் ஊர் நகரில் கிடைத்தது ஷுருப்பக்கில் உள்ளதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. எனவே இவை ஒரே வெள்ளத்தின் தடங்கள் அல்ல. அரசர் பட்டியலைப் பொறுத்தவரை, நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பிரதி, ஊர் நகரின் மூன்றாம் அரசமரபைச் சேர்ந்த ஷுல்கி என்ற அரசனின் காலத்தது, கிஷ் நகரிலிருந்துதான் தொடங்குகிறது. வெள்ளத்துக்கு முந்தைய அரசர்கள் அதில் இல்லவே இல்லை. பிற்காலத்தில் முன்னே ஒட்டப்பட்டவர்கள் அவர்கள். நீங்கள் சொல்லும் கோடு நினைவில் இருந்து வந்ததன்று, எழுத்தர்கள் போட்டது.

மருதத்திணை:
இருவரும் மண்ணையே தோண்டுகிறீர்கள், கதையைத் தொடவில்லை என்பது என் குறை. கி.மு. 17-ஆம் நூற்றாண்டுப் பிரதியில் உள்ள அத்ரகாசிஸ் கதையைப் படித்தால் வெள்ளம் ஏன் வந்தது என்பதே மையம். மனிதர் பெருகிவிட்டனர், அவர்கள் இரைச்சலால் என்லில் தெய்வத்துக்கு உறக்கமில்லை. கொள்ளைநோயும் பஞ்சமும் விட்டுப் பார்த்து, முடியாமல் கடைசியில் வெள்ளத்தை விடுகிறான். எவருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்த என்கி என்னும் மற்றொரு தெய்வம், நாணல் சுவரிடம் பேசுவதுபோல் பேசி, வீட்டை இடித்துப் படகு கட்டு, உடைமையை விட்டு உயிரைக் காத்துக்கொள் என்று அத்ரகாசிஸுக்கு உணர்த்துகிறது. வெள்ளத்துக்குப் பின் மலடும் சிசுமரணமும் உலகில் நிலைபெறுகின்றன. பிள்ளைகள் ஏன் சாகின்றன என்று கேட்ட ஒரு சமூகம் தனக்குச் சொல்லிக்கொண்ட விடை இது. நம் சிலப்பதிகாரத்தில் பஃறுளியாறும் குமரிக்கோடும் கடல்கொண்ட செய்தி வருகிறதே, அதில் படகும் இல்லை, தப்பியவனும் இல்லை, தண்டனையும் இல்லை. எல்லாக் கடல்கோளையும் ஒரே கதையில் அடைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நெய்தல் நிலவன்:
கதையின் நோக்கம் குறித்து மருதத்திணை சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நோக்கத்துக்கு ஏற்ற நிகழ்ச்சியைப் புலவர் எங்கிருந்தோ எடுத்திருக்க வேண்டுமே. நாயகனின் நகரமாக ஷுருப்பக்கை ஏன் தேர்ந்தார்கள்? அந்நகரத்தில் கி.மு. 2900 அளவில் ஒரு வெள்ளப் படிவு இருக்கிறது. கதை எழுத்தில் வருமுன் ஆயிரம் ஆண்டுக்கு முந்தையது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை.

ஏடு நோக்கி:
ஷுருப்பக்கில் நிகழ்ந்த ஓர் ஆற்றுவெள்ளம் என்றால் நானும் உடன்படத் தயங்கமாட்டேன். அத்ரகாசிஸின் படகு அந்த ஆற்றுக்கே உரியது என்பதற்கு 2014-இல் ஆப்பெழுத்து அறிஞர் இர்விங் ஃபிங்கல் வெளியிட்ட பலகையும் துணை நிற்கிறது: அதில் படகு வட்டமான பரிசல், கயிற்றால் முடைந்து உள்ளும் புறமும் கீல் பூசப்பட்டது. அத்தகைய பரிசல்கள் ஈராக்கின் ஆறுகளில் இருபதாம் நூற்றாண்டு வரை சரக்கு ஏற்றிச் சென்றன. ஆனால் அப்படிச் சொல்லும்போது, நீங்கள் தொடக்கத்தில் வைத்த பனியூழிக் கடலும் வளைகுடாவும் வாதத்திலிருந்து விலகிவிடுகின்றன, கி.மு. 2900-க்கும் அந்தக் கடல் ஏற்றத்துக்கும் இடையே மூவாயிரம் ஆண்டுகளாவது இருக்கின்றன. இரண்டில் எது உங்கள் வெள்ளம் என்று சொல்லுங்கள், அதன்பின் தொடர்வோம்.