ஃபிலிமுக்கு மாறிய பிறகு டிஜிட்டல் கேமராக்களை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?

நிழல்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டுக்கும் மேலாக நான் எடுக்கும் படங்கள் ஏறக்குறைய எல்லாமே ஃபிலிமில்தான். கறுப்பு வெள்ளைச் சுருள்களை வீட்டிலேயே கழுவிக்கொள்கிறேன். வண்ணச் சுருள்களை லேபுக்குக் கொடுத்து, கழுவி ஸ்கேன் செய்து வாங்குகிறேன். நிக்கான் எஃப்எம்2 என்ற 35 மி.மீ. ஃபிலிம் கேமரா ஒன்றும், 6×6 (செ.மீ.) அளவில் படமெடுக்கும் இரட்டை லென்ஸ் கேமரா ஒன்றும் என் வழக்கமான கருவிகளாகிவிட்டன. இதற்கிடையில் நிக்கான் டி750 டிஜிட்டல் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), 24-70 மி.மீ. எஃப்/2.8ஜி ஜூம், 60 மி.மீ. எஃப்/2.8டி மேக்ரோ (மிக அருகில் குவியும் லென்ஸ்) ஆகியவையும், வேறொரு நிறுவனத்தின் சிறிய ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) மிரர்லெஸ் கேமராவும் அலமாரியிலேயே இருக்கின்றன.

டிஜிட்டல் கருவிகளின் மறுவிற்பனை மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. விற்பதானால் இப்போதே விற்பதுதான் முறை என்று ஒரு மனம் சொல்கிறது. அந்தப் பணத்தில் ஃபிலிமும் நல்ல அச்சுத்தாளும் வாங்கலாம். ஆனால் உறவினர் வீட்டு நிகழ்ச்சிகளில், மங்கலான மண்டபங்களில், படங்கள் உடனே வேண்டும் என்று கேட்கும்போது என்ன செய்வது என்ற தயக்கமும் இருக்கிறது. ஃபிலிமுக்கு முழுமையாக மாறியவர்கள் எதை வைத்துக்கொண்டீர்கள், எதை விட்டீர்கள், எதைக் கொண்டு முடிவு செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். எந்தக் கருவி எந்த வேலைக்கு உண்மையில் தேவைப்பட்டது என்பதையே அறிய விரும்புகிறேன்.

இருட்டறைவாசி எழுதியது:

வணக்கம். டி750-ஐயும் 60 மி.மீ. மேக்ரோவையும் தயவுசெய்து விற்காதீர்கள். படமெடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நெகட்டிவைப் பின்னால் விளக்கு வைத்துப் படமெடுத்தால், உங்களிடம் இருப்பது ஒரு தரமான நெகட்டிவ் ஸ்கேனர். அதை நீங்கள் கேமரா என்ற கணக்கிலேயே வைத்துப் பார்ப்பதால்தான் விற்பதா வேண்டாமா என்ற கேள்வியே எழுகிறது.

கணக்கைப் பாருங்கள். டி750-இன் சென்சாரில் 6016×4016 பிக்சல்கள் உள்ளன. 35 மி.மீ. நெகட்டிவின் ஒரு படம் 36×24 மி.மீ. அளவுடையது, சென்சாரின் அளவும் ஏறத்தாழ அதுவே. உங்கள் மேக்ரோ லென்ஸ் ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பொருளின் உண்மை அளவிலேயே, குவியக்கூடியது என்பதால், நெகட்டிவ் சென்சாரை முழுவதுமாக நிரப்பும். 36 மி.மீட்டருக்கு 6016 பிக்சல் என்றால் அங்குலத்துக்குச் சுமார் 4,240. தனியாக ஃபிலிம் ஸ்கேனர் தயாரித்துக்கொண்டிருந்த காலத்தில் நிக்கான் விற்ற கூல்ஸ்கேன் 5000 ஸ்கேனர் தருவதும் அங்குலத்துக்கு 4,000 தான். அந்த வரிசையின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. பழைய ஸ்கேனர் ஒரு படத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் சில படங்களை முடித்துவிடலாம்.

6×6 நெகட்டிவுக்குக் கணக்கு வேறு. அதன் படப்பரப்பு ஏறத்தாழ 56 மி.மீ. சதுரம், சென்சாரின் குறுகிய பக்கத்தில் அது முழுதாக அடங்க வேண்டும் என்பதால், ஒரே ஷாட்டில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 4000×4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்து அச்சிட்டால் பக்கத்துக்குப் பதின்மூன்று அங்குலம் வரை தயக்கமின்றிப் போகலாம். அதைவிடப் பெரிதாக வேண்டும் என்றால், நெகட்டிவை நகர்த்திப் பகுதி பகுதியாக எடுத்து மென்பொருளில் இணைத்துக்கொள்ள வேண்டும்.

செய்முறையில் நான் கவனிப்பவை சில. நெகட்டிவுக்குப் பின்னால் வைக்கும் விளக்கு நிறங்களைச் சரியாகக் காட்டும் தரம் கொண்டதாக, அதாவது சி.ஆர்.ஐ. 95-க்கு மேல் இருக்க வேண்டும். வண்ண நெகட்டிவில் இதில் செய்யும் சிக்கனம் கடைசிவரை பின்தொடரும். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப்/8, ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), டைமர் வைத்து ஷட்டரை இயக்குதல் ஆகியவை போதுமானவை. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபிலிமின் பளபளப்பான பக்கத்தில் பிரதிபலிப்பு விழும். கேமராவும் நெகட்டிவும் இணையாக இருக்கின்றனவா என்று அறிய, நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் சரியாகத் தெரிந்தால் கோணம் சரி. இணை தவறினால் ஓரங்களில் ஃபிலிமின் துகள்கள் மங்கிப்போகும், நடுவில் மட்டும் கூர்மை இருக்கும். நிக்கானின் இஎஸ்-2 என்னும் இணைப்புக் கருவி உங்களிடம் இருக்கும் 60 மி.மீ. டி லென்ஸிலேயே பொருந்தும். அதை மாட்டினால் 35 மி.மீ. சுருள்களுக்கு இந்த இணைச் சோதனையே தேவையில்லை.

வண்ண நெகட்டிவின் ஆரஞ்சுச் சாயலை நீக்கி நிறத்தைத் திருப்புவது பழக வேண்டிய வேலை. முதலில் கறுப்பு வெள்ளையில் தொடங்குங்கள். லேப் தரும் ஸ்கேனில் நிறமும் கான்ட்ராஸ்டும் வேறொருவர் எடுத்த முடிவுகள். சுருளைக் கையால் கழுவும் அளவுக்கு அக்கறை உள்ள ஒருவர் அந்த முடிவை மட்டும் ஏன் பிறரிடம் விட வேண்டும்?

ஒற்றைச்சுருள் எழுதியது:

இருட்டறைவாசியின் கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனாலும் நான் எல்லாவற்றையும் விற்றேன். அதன் காரணத்தையும் இங்கே பதிவு செய்வது நியாயம் என்று கருதுகிறேன்.

ஃபிலிம் நம்மை நிதானமாக்குகிறது என்று எல்லோரும் சொல்வதை நான் ஏற்பதில்லை. அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது ஏறத்தாழ 2,500 சுருள்கள் கழுவப்படாமலேயே கிடந்தன. அவர் எடுத்தது ஃபிலிமில்தான்; வேகம் குறையவில்லை. நிதானம் எடுப்பவரிடம் இருக்க வேண்டியது. என் காரணம் வேறு: இரண்டு ஊடகங்களும் எக்ஸ்போஷர் (படத்துக்குத் தரும் ஒளியின் அளவு) விஷயத்தில் கையை எதிரெதிர்த் திசையில் பழக்குகின்றன. டிஜிட்டலில் வெளிச்சப் பகுதி ஒருமுறை வெளுத்துவிட்டால் அங்கே மீட்க எதுவும் இல்லை. ஆகவே வெளிச்சத்தைக் காத்து, நிழலைப் பிறகு உயர்த்திக்கொள்கிறோம். நெகட்டிவில் நிழலுக்குப் போதிய ஒளி தராவிட்டால் அங்கே பதிவே இருக்காது; வெளிச்சப் பகுதி கூடுதல் ஒளியைப் பெருந்தன்மையோடு தாங்கும். ஒரே நாளில், ஒரே தெருவில் இரண்டையும் மாறி மாறிக் கையாண்டபோது என் நெகட்டிவ்கள் தொடர்ந்து மெலிந்தே, அதாவது ஒளி போதாமலே, வந்தன. டிஜிட்டலை விட்ட பிறகு, நிழலைப் பார்த்து ஒளியளக்கும் பழக்கம் தானாகவே கைக்கு வந்தது. ஸ்லைடு ஃபிலிம் மட்டும் இதற்கு விலக்கு. அது டிஜிட்டலைப் போலவே வெளிச்சப் பகுதியில் மன்னிக்காது.

டிஜிட்டல் கேமராவைச் சோதனை ஷாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒருகாலத்தில் ஸ்டூடியோக்களில் உரித்தெடுக்கும் உடனடி ஃபிலிம் அந்த வேலையைச் செய்தது. ஃபியூஜியின் எஃப்பி-100சி 2016-இல் நிறுத்தப்பட்ட பிறகு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. ஆனால் கேமராத் திரையில் தெரியும் ஜேபெக் படத்தின் கான்ட்ராஸ்ட், உங்கள் சுருள் எப்படிப் பதிவு செய்யும் என்பதைக் காட்டாது. ஒளியளக்கும் ஒரு கைம்மீட்டர் அந்த வேலையைத் தெளிவாகச் செய்யும். சட்டைப் பையிலும் அடங்கும்.

ஸ்கேன் மட்டுமே தேவை என்றால் நிழல்தேடி ஒன்றை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: உங்கள் படங்களின் முடிவிடம் திரையா, தாளா? நான் எல்லா நெகட்டிவ்களையும் காண்டாக்ட் தாளாக (நெகட்டிவைத் தாளின் மேலேயே வைத்து அதே அளவில்) அச்சிட்டு, அதில் தேர்ந்தவற்றை மட்டும் இருட்டறையில் பெரிதாக்குகிறேன். எனக்கு ஸ்கேனரே தேவைப்படவில்லை.

கண்ணாடிவில்லை எழுதியது:

இருவர் சொல்வதும் அவரவர் வேலைமுறைக்குப் பொருந்துகிறது. நான் லென்ஸ் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். விற்பனையில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் அமைப்பு) 1959 முதல் இருந்துவந்தாலும், எல்லா லென்ஸும் எல்லா பாடியிலும் வேலை செய்யும் என்பதில்லை. உங்கள் 60 மி.மீ. டி லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் உண்டு. எஃப்எம்2-இல் தாராளமாகப் பயன்படுத்தலாம். எனவே டிஜிட்டல் பாடி போனாலும் அந்த லென்ஸ் போகக் கூடாது. 24-70 ஜூம் ஜி வகை. அதில் வளையம் இல்லை. எஃப்எம்2-இல் மாட்டினால் அது தன் மிகச் சிறிய அப்பர்ச்சருக்கே சுருங்கி நிற்கும்; அந்த நிலையில் அதனால் பயன் இல்லை. அதே ஜூம் நிக்கான் எஃப்100, எஃப்5, எஃப்6 ஆகிய ஃபிலிம் பாடிகளில் ஆட்டோஃபோகஸ் உட்பட முழுமையாக வேலை செய்யும். அப்படி ஒரு பாடி வாங்கும் எண்ணம் இருந்தால் ஜூமை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டி750-ஐப் படமெடுக்கவும் வைத்திருந்தால் மட்டுமே அதற்கு இடமுண்டு. மிரர்லெஸ் கேமராவின் லென்ஸ்களோ உள்ளே கண்ணாடி கொண்ட எந்த ஃபிலிம் எஸ்.எல்.ஆர் கேமராவிலும் பொருந்தா. லென்ஸ் மவுண்டுக்கும் ஃபிலிம் தளத்துக்கும் இடையே எஃப் மவுண்டில் 46.5 மி.மீ. இடைவெளி உண்டு, மிரர்லெஸ் லென்ஸ்கள் அதைவிட மிகக் குறைந்த இடைவெளிக்கு வடிவமைக்கப்பட்டவை. ஆகவே முதலில் போக வேண்டியது அந்த மிரர்லெஸ் தொகுதிதான். உங்கள் மற்ற கருவிகளோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

மங்கலான மண்டபம் பற்றிய உங்கள் தயக்கம் சரியானதே. இல்ஃபோர்டு டெல்டா 3200 என்ற கறுப்பு வெள்ளைச் சுருளின் பெயரில் 3200 இருந்தாலும் அதன் உண்மையான வேகம் ஐ.எஸ்.ஓ. 1000 அளவுதான், அதற்கு மேலே வேகத்தைத் தள்ளுவது, சுருளைக் கழுவும் டெவலப்பரில் செய்யும் வேலை, அதில் நிழல் விவரம் குறையும். வண்ணத்தில் எளிதில் கிடைக்கும் வேகமான சுருள்கள் 800-இல் நின்றுவிடுகின்றன. டி750 6400-இல் தரும் வண்ணப் படத்துக்கு ஃபிலிமில் நிகர் இல்லை என்பதை ஃபிலிமை நேசிப்பவர்கள்தாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உறவினர் கேட்பது ஒரு நிகழ்ச்சியின் பதிவு. அதை அவர்களுக்கு நன்றாகக் கொடுப்பதற்கு எந்தக் கருவி பொருந்துமோ அதை எடுத்துச் செல்வதில் கொள்கைக்குக் குறைவேதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் நம்பியிருக்கும் சுருள் நாளையும் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. கோடாக் எக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிம் 2012-இல் நிறுத்தப்பட்டு 2018-இல்தான் திரும்பி வந்தது. ஃபியூஜியின் கறுப்பு வெள்ளைச் சுருளான அக்ராஸ் 2018-இல் நின்று, 2019-இல் அக்ராஸ் 2 என்ற பெயரில் மீண்டது. கோடாக்கின் மற்றொரு ஸ்லைடு ஃபிலிமான கோடாக்ரோம் திரும்பவே இல்லை. விமானப் பயணத்திலும் புதிய சி.டி. ஸ்கேனர்கள் கழுவாத சுருளைப் புகைமூட்டமாக்கிவிடும் என்பதால் கையால் சோதிக்கும்படி கேட்க வேண்டியிருக்கிறது; எல்லா இடங்களிலும் அதற்கு இணங்குவார்கள் என்று சொல்ல முடியாது.

நிழல்தேடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மிரர்லெஸ் தொகுதியை விற்பதென்று முடிவு செய்துவிட்டேன். 60 மி.மீ. லென்ஸை மேசையில் நிறுத்தி, பழைய சுருள் ஒன்றை டி750-இல் எடுத்துப் பார்த்தேன். லேப் தந்த கோப்பில் வெறும் கருமையாக இருந்த ஒரு வாசற்படியில் மரத்தின் வரிகள் தெரிகின்றன. ஆகவே அந்த பாடியும் தங்குகிறது. ஒற்றைச்சுருளின் எச்சரிக்கையையும் ஏற்கிறேன்: ஃபிலிமோடு வெளியே போகும் நாளில் அது வீட்டிலேயே இருக்கும். ஜூம் பற்றி மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. எஃப்100 ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே சொல்ல முடியும். நீண்ட இடைவெளிகளில் மட்டுமே பயன்படப்போகும் டிஜிட்டல் கேமராவை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்ல முடியுமா?

இருட்டறைவாசி எழுதியது:

மகிழ்ச்சி. பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். லித்தியம்-அயன் பேட்டரி முழுதாக ஏற்றப்பட்டோ முழுதாகத் தீர்ந்தோ மாதக்கணக்கில் கிடக்கக் கூடாது, பாதியளவு மின்னேற்றம் நல்லது. கேமராவுக்குள் கடிகாரத்துக்கென ஒரு சிறு பேட்டரி உண்டு. அது பெரிய பேட்டரியிலிருந்தே சக்தி பெறுவதால், சில மாதங்களுக்கு ஒருமுறை பெரிய பேட்டரியைப் போட்டு ஓரிரு நாள் விட்டுவையுங்கள். அப்போதே ஷட்டரையும் சில முறை இயக்கிவிடலாம். லென்ஸைத் தோல் உறையில் மூடி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் சிறு ஈரப்பதமானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். எஃப்எம்2-க்கும் இதே பெட்டி போதும்.

மிரர்லெஸ் கேமராவை விற்கும் முன் அதன் ரா கோப்புகள் இப்போதைய மென்பொருளில் திறக்கின்றனவா என்று பார்த்து, இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டைக் கேமராவோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அழித்த படங்களையும் அதிலிருந்து மீட்க முடியும்.