மழைக்கு முன்னால் பூட்டிக்கிடக்கும் பழைய வீட்டில் கரையான், எலி: என்ன செய்யலாம்?

வளவுச்சாவி:

எங்கள் வீடு காரைக்குடியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறது. அய்யாவின் அய்யா கட்டியது, நூறு வருடம் தாண்டிவிட்டது. எட்டுப் புள்ளி, அதாவது எட்டுப் பங்காளிக் குடும்பம், எட்டுச் சாவி, குடியிருக்க ஒருவரும் இல்லை. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். பொங்கலுக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் திறப்போம், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு கல்யாண விஷயமாகத் திறந்தால் வயிறு கலங்கிவிட்டது. இரண்டாம் கட்டில் ஒரு அறையின் நிலையை ஒட்டி விரல் தடிமனுக்கு மண்கோடு, தரையிலிருந்து மேல் உத்திரம் வரை போகிறது. மச்சில் எலிப்புழுக்கை. அப்பத்தாவுக்குச் சீராக வந்த பாய்களைக் கடித்துக் குதறி வைத்திருக்கிறது. பழைய பேரேடுகளில் ராமபாணப் பூச்சி. அடுப்படியில் பூரான் வேறு.

டவுனிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். வளவைச் சுற்றி (முற்றமுள்ள நடுக்கட்டு), அறைகளுக்குள், எல்லா இடத்திலும் அடிக்கு ஒரு ஓட்டை போட்டு மருந்து ஏற்ற வேண்டும், 5 வருடம் கியாரண்டி என்கிறார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை! அதில் டிரில் போட எனக்கு மனசே வரவில்லை. பங்காளிகளில் ஒருவர் "பாச்சை உருண்டையை அறைக்கு அறை போட்டுப் பூட்டிவிடு" என்கிறார், இன்னொருவர் எலிக்கு விஷம் வைக்கச் சொல்கிறார். ஐப்பசி மழை வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஓட்டை போடத்தான் வேண்டுமா? மருந்து மழைக்கு முன்னாலா, பின்னாலா? எலிக்கு என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:

தம்பி, நான் தச்சு வேலை செய்பவன். இந்தப் பக்கத்து வீடுகளில் முப்பது வருடமாக மரம் பார்க்கிறேன். மருந்தைப் பற்றிப் பேசுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த மண்கோட்டில் நடுவில் இரண்டு விரற்கடை மட்டும் உடைத்துவிட்டு நான்கைந்து நாள் கழித்துப் பாருங்கள். ஈர மண் வைத்து அடைத்திருந்தால் கரையான் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடைத்தது உடைத்தபடியே காய்ந்து கிடந்தால் அது பழைய கோடாக இருக்கலாம், ஆனாலும் வேறு எங்காவது புதுக் கோடு ஏறுகிறதா என்று வீட்டைச் சுற்றிவந்து பாருங்கள். நிறையப் பேர் முழுக்கோட்டையும் துடைப்பத்தால் தட்டிப் பெருக்கிவிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுகிறார்கள், வந்தவனுக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒன்றும் தெரியாது.

அப்புறம், உங்கள் நிலை பர்மாத் தேக்காக இருந்தால், வைரம் பாய்ந்த கட்டையைக் கரையான் லேசில் தொடாது. அது நிலையைத் தின்ன வரவில்லை, நிலையை ஏணியாக்கி மேலே எதையோ தின்னப் போகிறது. அந்த எதையோவைக் கண்டுபிடியுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் பிற்காலத்தில் ஓடு மாற்றும்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று ஓடுகளுக்கு அடியில் போட்ட ரீப்பர் கட்டை, இல்லையென்றால் பிளைவுட் அலமாரி, இல்லையென்றால் யாரோ மச்சில் வைத்து மறந்துபோன அட்டைப்பெட்டி. தேக்கிலும் ஓரத்து வெள்ளைப் பகுதியைத் தின்னும், அதில் சந்தேகம் வேண்டாம். திருப்புளியின் கைப்பிடியால் உத்திரத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். "டங்"கென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்கும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போடுங்கள். முக்கியமாக உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைகள்.

மாவு மாதிரி பொடி கொட்டி, மரத்தில் குண்டூசித் துளைகள் இருந்தால் அது கரையான் இல்லை, உளு. அதாவது வண்டு. அதற்கு வைத்தியம் வேறு, தரைக்கு மருந்து ஏற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. துளைக்குள் சிரிஞ்சால் மருந்து விட்டு மெழுகால் அடைக்க வேண்டும். முன்னெல்லாம் சுவருக்குள் போகும் முனைகளில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவோம், இப்போதும் பூசுகிறேன். கையில் பட்டால் வெந்துபோகும், உறை போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த அறைக்கு நேர் மேலே ஓடு நகர்ந்திருக்கிறதா பாருங்கள். மயிலும் குரங்கும் நடந்து நகர்த்தாத ஓடு நம் ஊரில் ஏது? ஒழுகும் இடத்துக்குக் கீழேதான் கரையான் நிலைக்கும். ஓடுகளைப் பிரித்து மேய்ந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மருந்துவாளி:

நான் அந்த டவுன்காரர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன் :) ஆனால் தொழில் அதேதான்.

அவர் சொன்ன அடிக்கு ஒரு ஓட்டை கணக்கு அவராக விட்டது இல்லை. கட்டி முடித்த வீடுகளுக்கான கரையான் மருந்து முறை இந்தியத் தரநிலை ஐஎஸ் 6313, மூன்றாம் பகுதியில் இருக்கிறது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் துளை, 300 மில்லிமீட்டர் இடைவெளி. மொசைக், சிமெண்ட் தரைக்கு அது சரி. ஆத்தங்குடிக் கல்லுக்கு நான் போட மாட்டேன். அது சூளையில் சுட்ட டைல் இல்லை, கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்த கல். டிரில் அதிர்ந்தால் முனை தெறிக்கும், அப்புறம் அதே நிறத்தில் ஒட்டுப்போடவே முடியாது.

மாற்று வழி உண்டு. வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி ஒரு முழ ஆழத்துக்குக் குறுகிய பள்ளம் வெட்டி, மருந்துத் தண்ணீரை மண்ணில் ஊறவிட்டு, திரும்பப் போடும் மண்ணையும் மருந்தில் நனைத்து மூடுவது. உள்ளே கல்லைத் தொடாமல், சுவரில் பூச்சு இருக்கும் இடத்தில் தரைக்குச் சற்று மேலே சாய்வாகத் துளை போட்டு ஏற்றலாம், பிறகு சுண்ணாம்பு வைத்துப் பூசினால் தெரியாது. அதையும் கோடு ஏறும் சுவரில் மட்டும் செய்தால் போதும். ஆனால் முகப்பிலும் வளவிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பழைய பூச்சு இருந்தால் அங்கே கை வைக்காதீர்கள்.

எந்த மருந்து என்று கட்டாயம் கேளுங்கள். குளோர்பைரிஃபாஸ் வாசனை அடிக்கும், பட்ட கரையானை வேகமாகக் கொன்றுவிடும், ஆனால் ஒரு இடம் விட்டுப்போனால் மற்றவை அந்த இடைவெளியில் புகுந்துவிடும். இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் இரண்டும் கரையானுக்கே தெரியாது. அது மருந்து மண்ணில் நடந்துபோய்க் கூட்டத்துக்கும் தொற்றவைக்கும், சாவது மெதுவாக, ஆனால் பலன் அதிகம். பில்லில் மருந்தின் பெயரும் சதவீதமும் எழுதித் தராதவரின் கியாரண்டியை நம்ப வேண்டாம்.

கிணறு எங்கே இருக்கிறது? இதை யாரும் கேட்கவில்லையே. பின்கட்டில் கிணறு இருந்தால் அந்தப் பக்கத்து மண்ணில் மருந்து ஊற்றவே கூடாது. முற்றத்துத் தண்ணீர் போகும் வாய்க்காலும் அப்படியே. அந்த இடங்களில் மரத்துக்கு மட்டும் பூசலாம்.

நேரம்: வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். மண் காய்ந்திருக்கும்போதுதான் மருந்தைக் குடிக்கும், மழையில் ஊறிய மண்ணில் ஊற்றினால் வழிந்து ஓடும். ஆகவே புரட்டாசி முதல் வாரத்தில் முடித்துவிடுங்கள். முதலில் ஓடு, அப்புறம் மருந்து. மாற்றிச் செய்து காசைக் கரைத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

அடுப்படி ஆச்சி:

பாச்சை உருண்டை போட்டுப் பூட்டச் சொன்னவர் யார் தம்பி? பொங்கலுக்குத் திறக்கும்போது கைக்குழந்தையோடு மருமகள்கள் வருவார்களே, அந்தக் காற்றை அல்லவா சுவாசிக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்று ஒரு நொதி குறைவாக இருக்கும். அந்த உருண்டை வாடையே அவர்களுக்கு ரத்தச் சிவப்பணுவை உடைத்துவிடும் என்று எங்கள் பேரனுக்குப் பார்த்த டாக்டர் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

நான் இப்படிப்பட்ட வீட்டில்தான் வருடம் முழுக்க இருக்கிறேன், தனியாக. பூட்டிக்கிடக்கிற வீட்டில்தான் எல்லாம் அடையும். மாதம் ஒருமுறையாவது யாராவது வந்து முகப்பிலிருந்து பின்கட்டு வரை அத்தனை கதவையும் ஒரு பகல் திறந்து போட்டால் காற்று ஓடும், ஈரவாடை போகும், ராமபாணம் தானாகக் குறையும். பேரேட்டையெல்லாம் வெயில் தாழ்ந்தபின் நிழலில் விரித்து உதறுங்கள், உச்சிவெயிலில் போட்டால் தாள் நொறுங்கும். சுவரை ஒட்டி எந்தப் பெட்டியையும் வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி, செங்கல்மேல் வையுங்கள். சாம்பிராணி, நொச்சி, வேப்பிலைப் புகை எல்லாம் நானும் போடுகிறேன். கொசுவுக்கு ஆகும், கரையானுக்கு ஆகாது, பொய் சொல்ல மாட்டேன்.

பூரானைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எலி இருந்தால் அதன் பின்னாலேயே பாம்பு வரும். மழை நாளில் கட்டுவிரியன் வீட்டுக்குள் வரும், ராத்திரியில்தான் நடமாடும், கடித்தால் பல பேருக்கு வலிகூடத் தெரியாது. பூட்டியிருந்த வீட்டைத் திறந்த முதல் ராத்திரி யாரும் தரையில் பாய் போட்டுப் படுக்கக் கூடாது, கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். சந்தேகமாகக் கடிபட்டால்கூட 108ஐக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், பச்சிலைக்காரரிடம் இல்லை. தேளுக்கு என் பேரன் ஒரு நீல டார்ச் வாங்கித் தந்திருக்கிறான், புற ஊதா லைட்டாம், இருட்டில் அடித்தால் தேள் பச்சையாக மின்னும். விறகு அடுக்கில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

கொல்லையில் புற்று இருந்தால் அதையும் சொல்லுங்கள். நாங்கள் மஞ்சள் பூசிக் கும்பிடுகிற புற்று, அதை இடி என்று எவனாவது சொன்னால் விரட்டிவிடுவேன்.

பனிக்காட்டு எலி:

சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம், இப்போது டொரண்டோவில் ஒரு பழைய செங்கல் வீட்டில் குடியிருக்கிறேன். இதுவும் கிட்டத்தட்ட உங்கள் வீட்டு வயதுதான். இங்கே எங்களுக்கு ஐப்பசி மழைக்குப் பதிலாகக் குளிர். செப்டம்பர் கடைசியில் இலை பழுக்க ஆரம்பித்ததும் வெளியே இருக்கிற சுண்டெலியெல்லாம் சூடு தேடி உள்ளே வரும். அதற்குள் வீட்டைச் சுற்றி ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு நடப்பேன். பென்சில் நுழைகிற சந்து என்றால், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர், சுண்டெலியும் நுழையும். பெரிய எலிக்கு அதைப்போல இரண்டு மடங்கு போதும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைத் திணித்து மேலே சீலன்ட் பூசுவோம். வெறும் ஃபோம் அடித்தால் கடித்துத் துளைத்துவிடும், முதல் வருடம் அப்படித்தான் ஏமாந்தேன். செங்கல் சுவரின் அடியில் ஈரம் வெளியேற விட்ட துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது, அதற்கு வலை.

நாற்றப்பூச்சி, பொறிவண்டு, ஒரு வகை ஈ, இவையும் இலையுதிர் காலத்தில் சுவர் இடுக்கிலும் மேல்மாடத்திலும் புகுந்து குளிர் முழுக்கத் தூங்கும். ஜனவரியில் ஒருநாள் வெயில் அடித்தால் ஜன்னலில் வந்து மொய்க்கும்! அப்போது மருந்தடித்துப் பயனில்லை, வாக்குவம் போட்டு உறிஞ்ச வேண்டியதுதான். மருந்துவாளி சொன்ன அதே கதை, வேலை எல்லாம் பருவத்துக்கு முன்னால். இவ்வளவு குளிரிலும் டொரண்டோவின் பழைய தெருக்களில் கரையான் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

எலிக்கு விஷம் வேண்டாம். பூட்டின வீட்டில் விஷம் தின்ற எலி மச்சிலோ உத்திர இடுக்கிலோ செத்தால் யார் எடுப்பது? அதைத் தின்கிற ஆந்தையும் சாரைப்பாம்பும் சேர்ந்து சாகும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் தமிழ்நாட்டில் தடை செய்தது, யாராவது பழசைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். தானியத்துக்கு வைக்கிற மாத்திரையை வீட்டுக்குள் வைப்பதும் கொலைக்குச் சமம், காற்றின் ஈரம் பட்டாலே விஷவாயு கிளம்பும். ஸ்பிரிங் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி வைக்கிற முனை சுவரைத் தொடுகிற மாதிரி வையுங்கள், எலி சுவரோரமாகத்தான் ஓடும். கருவாட்டுத்தலை இருக்கும்போது வேறென்ன தீனி வேண்டும். ஆனால் தினம் பார்க்க ஆள் வேண்டும், அதுதான் உங்கள் சிக்கல்.

வளவுச்சாவி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி போய்வந்தேன். உளிச்சத்தம் அண்ணன் சொன்னபடி கோட்டை உடைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன், ஐந்து நாளில் ஈர மண் வைத்து அடைத்துவிட்டது. உயிரோடுதான் இருக்கிறது. ஏணி வைத்துப் பின்தொடர்ந்தால், நிலையிலும் உத்திரத்திலும் ஒரு கீறல் இல்லை. 2 வரிசை ரீப்பர், கையால் அழுத்தினாலே பொடிகிறது. நேர் மேலே நான்கு ஓடு நகர்ந்து வானம் தெரிகிறது. அந்த ரீப்பர் போட்டது என் சித்தப்பா காலத்து வேலை, அவர் இப்போது பேச்சை மாற்றுகிறார்.

கிணறு பின்கட்டில், அந்தச் சுவரிலிருந்து இருபதடி தள்ளி. புற்று இல்லை ஆச்சி.

செலவில்தான் இழுபறி. ஓடு மேயும் செலவுக்கு எட்டுப் புள்ளியும் சமமாகப் போட ஒத்துக்கொண்டார்கள். மருந்துக்கு மட்டும் "கோடு உன் அறை நிலையில்தானே ஏறியிருக்கிறது" என்கிறார் ஒருவர். கரையானுக்குப் பாகப்பத்திரம் தெரியுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

எலிப்பொறிக்கு எதிர்வீட்டில் ஒரு அம்மா தினம் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். ஸ்டீல் நார் மூட்டையாக வாங்கிவிட்டேன், கடைக்காரர் ஹோட்டல் வைக்கப்போகிறீர்களா என்று கேட்டார். இப்போது வேண்டியது நாட்டு ஓடு பிரித்து மேயத் தெரிந்த ஆள். புரட்டாசி பிறக்க இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.

அடுப்படி ஆச்சி:

எங்கள் வீட்டுக்கு மேய்கிறவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை வேலையை முடிக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் வாருங்கள், கையோடு கூட்டிப்போகலாம். பழைய ஓடு இரண்டு எடுத்துவாருங்கள், அளவு பார்க்க வேண்டும். இந்தக் காலத்து ஓடு பொருந்தாது.

மருந்துவாளி:

கிணறு இருபதடி என்றால் அந்தப் பக்கத்துச் சுவருக்குப் பள்ளம் வெட்ட விடாதீர்கள். அங்கே மரத்துக்கு மட்டும் பூசச் சொல்லுங்கள். அந்த 2 வரிசை ரீப்பரைக் கழற்றியதும் கொல்லையில் போட்டு வைக்காமல் அன்றைக்கே எரித்துவிடுங்கள்.