வீட்டிலேயே ஒட்டிய மீன் தொட்டி ஒழுகுது, அவசரம்

தேனிக்காரன் (சனி, இரவு 9.50)
எல்லாருக்கும் வணக்கம். கண்ணாடி வெட்டி வாங்கி நானே மீன் தொட்டி ஒட்டினேன். தண்ணீர் விட்டதும் முன்பக்கம் வலது கீழ் மூலையில் ஒழுகுகிறது. வடித்துவிட்டுத் துடைத்து, அந்த மூலையில் மேலே இன்னொரு கோட் சிலிக்கான் போட்டேன். திரும்ப அதே இடம். மீன் எல்லாம் பக்கெட்டில் இருக்கிறது. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

கப்பி_கோவை
தொட்டி என்ன அளவு? கண்ணாடி எத்தனை எம்.எம்.? என்ன சிலிக்கான்? ஒட்டி எத்தனை நாள் கழித்துத் தண்ணீர் விட்டீர்கள்? இது எதுவும் சொல்லாமல் ஒழுகுது என்றால் நாங்கள் ஜோசியமா பார்க்க முடியும் ப்ரோ.

ஃபைட்டர்_பிரியை
தொட்டியை விடுங்கள், என்ன மீன்? எத்தனை? பக்கெட்டில் ஏர் பம்ப் ஓடுகிறதா? தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றி, தீனியைக் குறைத்துப் போட்டால் ஒரு வாரம் தாங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் பிடித்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். அவசரப்பட்டு அந்தத் தொட்டியில் மீனை விடாதீர்கள்.

சும்மா_வந்தவன்
வெளியிலிருந்து எம்சீல் வைத்து அடைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. எங்கள் மாடித் தண்ணீர் டேங்க் அப்படித்தான் வருஷக்கணக்காக நிற்கிறது.

பழையமீன்
வெளியே அடைத்தால் உள்ளே இருக்கிற தண்ணீரே அதைத் தள்ளிவிடும். அடைப்பது என்றால் உள்ளிருந்துதான். அதுவும் எம்சீல் இல்லை.

கேள்வி கேட்டவருக்கு: காய்ந்த சிலிக்கான் மேல் புது சிலிக்கான் ஒட்டாது. ஒட்டின மாதிரி தெரியும், இடுக்கில் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும். இது அரிச்சுவடி. மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தொட்டி ஒட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் படித்திருக்கலாம்.

தேனிக்காரன்
3 அடி நீளம், 1.5 அகலம், 1.5 உயரம். கண்ணாடி 6 எம்.எம். சிலிக்கான் ஹார்டுவேர் கடையில் கண்ணாடிக்கு என்று கேட்டு வாங்கியதுதான். மீன் கோல்டு ஃபிஷ், ஏர் பம்ப் இருக்கிறது.

கப்பி_கோவை
கண்ணாடிக்கு என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். டியூபைத் திருப்பிப் படியுங்கள். ஃபங்கஸ் தடுக்கும், பாத்ரூம், கிச்சன் என்று ஏதாவது போட்டிருந்தால் அதில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. போடும்போது வினிகர் வாசனை வந்ததா?

ஒட்டிய நாளும் சொல்லவில்லை நீங்கள்.

தேனிக்காரன்
வினிகர் வாசனை நன்றாகவே வந்தது, வீடு முழுக்க. அம்மா திட்டினார். ஃபங்கஸ் என்று எதுவும் போடவில்லை. ஞாயிறு ஒட்டினேன், செவ்வாய் காலை தண்ணீர் விட்டேன்.

கப்பி_கோவை
இரண்டு நாள்கூட விடவில்லை, அதுதான் காரணம். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துத்தான் சிலிக்கான் காயும். மேலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு 2, 3 எம்.எம். அளவுதான் போகும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இருப்பது இன்னும் மெதுவாகக் காயும், அங்கே காற்று படுவதே ஓரத்தில் மட்டும்தான். வாசனை முழுக்கப் போகிற வரை தண்ணீர் காட்டக் கூடாது. நான் ஒரு வாரம் விடுவேன்.

நாலடித்தொட்டி
காய்வது எல்லாம் இரண்டாவது. 6 எம்.எம். சாதாரணக் கண்ணாடியில் 3 அடி தொட்டி என்றால் முன் கண்ணாடி வயிறு தள்ளும், தள்ளினால் ஒட்டு பிரியும். டஃபன்டு, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பலமேற்றிய கண்ணாடி, போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம்.

பழையமீன்
பலம் வேறு, விறைப்பு வேறு. டஃபன்டு உடைய அதிக அழுத்தம் வேண்டும், உண்மை. ஆனால் அதே 6 எம்.எம். டஃபன்டும் அதே அளவுதான் வளையும். வளைவதைக் குறைக்க வேண்டுமானால் தடிமனைத்தான் ஏற்ற வேண்டும். தடிமனின் மும்மடிக் கணக்கில் விறைப்பு கூடும். 6-லிருந்து 8-க்குப் போனால் வளைவு பாதிக்கும் கீழே வந்துவிடும். ஒட்டைப் பிரிப்பது வளைவுதான் ஐயா, கண்ணாடியின் பலம் அங்கே எங்கே வருகிறது?

நாலடித்தொட்டி
என் வீட்டில் நாலடி டஃபன்டு தொட்டி நிற்கிறது. உங்கள் மும்மடி எல்லாம் காகிதத்தில்.

பழையமீன்
நிற்கட்டும், சந்தோஷம். மூலையில் ஒரு கல் பட்டால் மொத்தக் கண்ணாடியும் பொடியாகி 300 லிட்டரும் ஹாலுக்கு வரும். சாதாரண ஃப்ளோட் கண்ணாடி விரிசல் விடும், பக்கெட் எடுத்து வர நேரம் கிடைக்கும். டஃபன்டை அப்புறம் வெட்டவும் முடியாது, ஃபில்டர் பைப்புக்குத் துளை போடவும் முடியாது.

நாலடித்தொட்டி
துளை முதலிலேயே போட்டுவிட்டுத்தான் டஃபன் பண்ணுவார்கள். தெரியாமல் பேசாதீர்கள்.

ஃபைட்டர்_பிரியை
அண்ணன்மாரே, அவர் டஃபன்டு வாங்கவே இல்லை. வாங்காத கண்ணாடிக்கு எதற்கு இத்தனை சண்டை?

சும்மா_வந்தவன்
இதற்குத்தான் சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போய் ரெடிமேடு வாங்கிவிடலாம் என்பது. அந்த அளவெல்லாம் அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள், நீங்கள் கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் செலவழித்ததைவிட மலிவாகவே வரும்.

கப்பி_கோவை
தேனியிலிருந்து கொளத்தூர் போய்விட்டு, 3 அடி கண்ணாடித் தொட்டியை லாரி பார்சலில் போட்டு வீட்டுக்கு முழுசாகக் கொண்டுவந்து காட்டுங்கள் பார்க்கலாம். நம் இடத்துக்கு ஏற்ற அளவு வேண்டுமென்றால் ஒட்டித்தான் ஆக வேண்டும்.

கண்ணாடிக்கடை (ஞாயிறு, காலை 7.15)
தம்பி, நான் கண்ணாடி வெட்டுகிற தொழிலில் இருப்பவன். நாலு விஷயம் கேட்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

தண்ணீர் இறங்கி இறங்கி எந்த உயரத்தில் நிற்கிறது? அல்லது மொத்தமும் வடிந்துவிடுகிறதா? வெளியிலிருந்து ஒட்டை உற்றுப் பார்த்தால் எங்காவது வெள்ளி மாதிரி மினுக்குகிறதா? ஒட்டுவதற்கு முன்னால் கண்ணாடி ஓரத்தை எதால் துடைத்தீர்கள்? தொட்டி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது?

தேனிக்காரன்
நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் ஒழுகுவது நின்றுவிடுகிறது அண்ணா. அதற்குக் கீழே இறங்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன். என் பழைய படிக்கிற மேஜை மேல் வைத்திருக்கிறேன், அடியில் தெர்மாகோல் போட்டிருக்கிறேன். வெள்ளியாக மினுக்குவது இருக்கிறது, முன் கண்ணாடியும் வலது பக்கக் கண்ணாடியும் சேருகிற இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு. அந்தப் பக்கக் கண்ணாடி கொஞ்சம் சாய்ந்திருந்தது, சாப்பிட்டு வந்து நேராகத் தள்ளி வைத்தேன். மற்றபடி எதுவும் செய்யவில்லை.

கண்ணாடிக்கடை
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீர் நாலு விரலில் நிற்கிறது என்றால் ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது. அடி ஒட்டு நன்றாகவே இருக்கிறது. செங்குத்தாக நிற்கிற ஒட்டில் வெளியேறி, கண்ணாடி ஓரமாகவே வழிந்து மூலையில் சொட்டுகிறது. நீங்கள் சொட்டுகிற இடத்தில் பூசிக்கொண்டிருக்கிறீர்கள். நிச்சயப்படுத்திக்கொள்ள, வெளிப்பக்கம் நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டின் மேல் முகப்பவுடர் தூவித் தண்ணீர் விடுங்கள். முதலில் நனைகிற இடம்தான் வாசல்.

வெள்ளியாக மினுக்குகிற இடத்தில் சிலிக்கான் கண்ணாடியைப் பிடிக்கவில்லை, நடுவில் காற்று இருக்கிறது. சிலிக்கான் பத்து, இருபது நிமிடத்தில் பால் ஆறினாற்போல ஏடு கட்டிவிடும். அதற்கு அப்புறம் கண்ணாடியை அசைத்தால் ஏடு கிழியும், திரும்ப ஒட்டாது. சாப்பிட்டுவிட்டு வந்து தள்ளினீர்கள் அல்லவா, அங்கேயே விஷயம் முடிந்தது.

இன்னொன்று. வெட்டும்போது கட்டர் சக்கரத்துக்கு மண்ணெண்ணெய் தொட்டுக்கொள்வோம். அது ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஈரத்துணிக்கு அது போகாது. தின்னரோ ஸ்பிரிட்டோ தொட்டுத் துடைத்து, அப்புறம் அந்த ஓரத்தில் விரலே படக் கூடாது. விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசையும் போதும் கெடுக்க.

பழையமீன்
நானும் இதையே சொல்ல வந்தேன்.

கப்பி_கோவை
சொல்லவில்லையே சார்.

தேனிக்காரன்
அப்படியென்றால் அந்த விரல் நீளத்தை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டுத் திரும்பப் போட்டால் போதுமா?

கண்ணாடிக்கடை
போதாது. கண்ணாடிக்கு நடுவிலேயே பிடிப்பு இல்லை. அந்தப் பக்கக் கண்ணாடியை முழுசாகக் கழற்ற வேண்டும். உள் மூலைச் சிலிக்கானை பிளேடால் அறுத்துவிட்டு, தூண்டில் நரம்பையோ மெல்லிய கம்பியையோ ஒட்டுக்குள் விட்டு ரம்பம் இழுக்கிற மாதிரி இழுத்தால் கழன்று வரும். அவசரப்பட்டு நெம்பினால் உடையும், கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய சிலிக்கான் துளியும் இல்லாமல் புது பிளேடால் சுரண்ட வேண்டும். தின்னர் அதைக் கரைக்காது, சுரண்டியபின் துடைக்க மட்டும்தான் தின்னர். உள்பக்கப் பூச்சை எல்லா மூலையிலும் எடுத்துவிட்டு ஒரே மூச்சில் புதிதாகப் போடுங்கள், பழையதும் புதியதும் சேருகிற இடம்தான் அடுத்த ஒழுக்கு.

மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஏடு கட்டுவதற்கு முன்பே உரித்துவிடுங்கள்.

நாலடித்தொட்டி
மேல் விளிம்பு வளையாமல் பிடிக்கிற கண்ணாடிப் பட்டி இருக்கிறதா என்று யாரும் கேட்கவே இல்லை. 6 எம்.எம். போட்டு மேல் பட்டி இல்லையென்றால் நாளைக்குத் திரும்ப வருவார்.

பழையமீன்
இந்த ஒன்றில் அவர் சொல்வது சரி. முன் கண்ணாடி ஒன்றின் மேல் மட்டும் தண்ணீர் 80 கிலோவுக்குக் குறையாமல் தள்ளும். உயரத்தை இரட்டித்தால் அது நாலு மடங்கு ஆகும், நீளத்தை இரட்டித்தால் இரண்டு மடங்குதான். அதனால் பலர் உயரத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 6 எம்.எம். என்றால், மேல் ஓரத்தில் நீளவாக்கில் இரண்டு பட்டியும் நடுவே குறுக்கே ஒன்றும் கட்டாயம். 8 எம்.எம். என்றால் எனக்கு நிம்மதி.

மேஜையும் எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் மட்டும் 190 லிட்டர், கண்ணாடி ஒரு 24 கிலோ, அதற்கு மேல் கல், மணல். மூன்று பெரிய ஆட்கள் எந்நேரமும் படிக்கிற மேஜை மேல் உட்கார்ந்திருக்கிற கணக்கு. சின்ன மேடு பள்ளத்தைத் தெர்மாகோல் வாங்கிக்கொள்ளும், பலகை நடுவில் தொய்ந்தால் அது ஒன்றும் செய்யாது. மேஜையில் குமிழ் மட்டம் வைத்துப் பாருங்கள்.

சும்மா_வந்தவன்
எங்கள் தாத்தா காலத்தில் இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, புட்டி போட்டுக் கண்ணாடி மாட்டுவார்கள். சிலிக்கான் எல்லாம் கிடையாது. அது ஒழுகியதே இல்லை.

கண்ணாடிக்கடை
ஒழுகும். புட்டி காய்ந்தால் வெடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். தொட்டியைக் காலியாகக் கொஞ்ச நாள் போட்டு வைத்தாலே போதும். அதைப் பழுது பார்த்துப் பழுது பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன்.

ஃபைட்டர்_பிரியை (வியாழன்)
தேனிக்காரன், என்ன ஆச்சு? மீன் நன்றாக இருக்கிறதா?

தேனிக்காரன் (மறு செவ்வாய், இரவு 11.20)
கழற்றிவிட்டேன். மினுக்கிய இடம் விரலால் இழுத்தாலே வந்துவிட்டது, மற்ற இடமெல்லாம் உயிரைக் கொடுத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. தின்னர் போட்டுத் துடைத்து ஒட்டி, மேலே பட்டியும் வைத்தாயிற்று. நேற்றிலிருந்து தண்ணீர் நிற்கிறது, அடியில் போட்ட பேப்பர் காய்ந்தே இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

பழையமீன்
மேஜை?

கப்பி_கோவை
சிலிக்கான் அதே டியூபா, புதிதா? திறந்து வைத்த டியூபில் மிச்சமிருந்ததைப் போட்டிருந்தால் சொல்லுங்கள்.

ஃபைட்டர்_பிரியை
ஃபில்டர் ஓடவிட்டுக் கொஞ்ச நாள் கழித்து மீனை விடுங்கள், ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். விட்டுவிட்டீர்களா ஏற்கெனவே?

நாலடித்தொட்டி
அடுத்த தடவை டஃபன்டு.